அம்மியைக் கழுவுவதற்கு முன்

கொழும்பு 06

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த, பழைய சமையலறைப் பொருள்களைப் பற்றிய படக்கட்டுரையை ஆவலுடன் படித்தேன். மூக்குப்பேணியையும் பனையோலைச் சுளகையும் படத்தில் பார்த்ததே மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அம்மி, ஆட்டுக்கல், திருகை ஆகியவற்றை வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வைக்க விரும்புவோருக்குக் கூறப்பட்ட யோசனையில், கம்பித் தூரிகையும் சவர்க்காரத் தூளும் கொண்டு கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் எண்ணெய் பூசும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் புவியியல் பேசிப் பழகியவனுக்குச் சுருக்கம் எளிதில் வருவதில்லை.

கட்டுரை எழுதியவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்த பழைய ஓட்டு வீடொன்றைத் தொடர்மாடி கட்டுவதற்காக இடித்தபோது, உடைந்த ஓடுகளுக்கும் செங்கற்களுக்கும் நடுவே ஓர் அம்மி, லொறியில் ஏற்றப்படக் காத்துக் கிடந்தது. காவலாளியிடம் கேட்டேன். "மிரிஸ் கலதானே, கொண்டுபோங்கள்" என்றார் அவர், சிங்களத்தையும் தமிழையும் கலந்து. இரண்டு தொழிலாளர்கள் அதைத் தூக்கிவந்து என் வீட்டு முற்றத்தில் வைத்துச் சென்றார்கள். குழவி கிடைக்கவில்லை. கல்லின் நடுப்பகுதி உட்குழிந்திருந்தது. குழியின் அடியில், உளி கொத்திய சிறு பள்ளங்களுக்குள், மஞ்சளும் கறுப்புமாக ஏதோ உறைந்து கிடந்தது. நான் ஒரு வாளித் தண்ணீரும் பாத்திரம் விளக்கும் தூளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த மஞ்சளும் கறுப்பும் அறவே போகும் வரை அரை நாள் தேய்த்தேன். செய்தது எவ்வளவு பெரிய மடமை என்பது சில வாரங்கள் கழித்து, அரைகற்களை ஆராயும் தொல்லியல் துறை பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே விளங்கியது. பழைய கடிதமொன்றை எழுத்தழியக் கழுவிவிட்டு, தாள் எவ்வளவு வெண்மை என்று மெச்சிக்கொண்டவனின் நிலை என்னுடையது.

ஏனெனில், அரைகல்லில் படிந்திருக்கும் அழுக்கைத்தான் தொல்லியலாளர் முதலில் தேடுகிறார்கள். தானியமோ கிழங்கோ கல்லில் அரைபடும்போது, அதிலுள்ள மாப்பொருள் மணிகள், கண்ணுக்குப் புலப்படாத அளவில், கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் போய் அடைந்துகொள்கின்றன. தாவரத்தின் ஏனைய பகுதிகள் உக்கி மறைந்த பின்னும் இம்மணிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே தங்கியிருக்கக்கூடும். முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மணியின் மீதும் சிலுவை வடிவிலான இருண்ட குறியொன்று தெரியும். மணியின் வடிவம், பருமன், அந்தச் சிலுவையின் நடுப்புள்ளி அமைந்திருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு, அது வாற்கோதுமையிலிருந்து வந்ததா, இஞ்சியிலிருந்து வந்ததா, மஞ்சளிலிருந்து வந்ததா என்று பிரித்தறிகிறார்கள். கல்லோடு ஒட்டியிருந்த மண்ணையும் தனியே எடுத்துச் சோதிக்கிறார்கள். மணிகள் அரைத்ததால் சேர்ந்தவையா, சுற்றியிருந்த மண்ணிலிருந்து பின்னாளில் ஒட்டிக்கொண்டவையா என்பதை இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெளியலாம். கையுறைகளின் உட்புறத்தில் இடப்படும் தூள்கூடச் சோள மாவாக இருப்பதுண்டு என்பதால், அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு கல்லைத் தொட்டவர், பழங்கால மக்கள் சோளம் தின்றதாக முடிவு கட்டிவிடும் ஆபத்தும் உண்டு. இத்தனை கவனம் வேண்டிய ஒரு பரப்பின் மீதுதான் நான் சவர்க்காரத் தூளைக் கொட்டினேன்.

இவ்வாறு கழுவப்படாத கற்கள் சொன்னவை கொஞ்சநஞ்சமல்ல. இஸ்ரேலில் கலிலேயாக் கடல் எனப்படும் ஏரியின் கரையில், 1989ஆம் ஆண்டு நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது, ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் வாழ்ந்த குடிசைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ஒஹாலோ என்று அவ்விடத்துக்குப் பெயர். அங்கே ஒரு குடிசைக்குள்ளிருந்த தட்டையான கல்லின் வெடிப்புகளில் காட்டு வாற்கோதுமையின் மாப்பொருள் மணிகள் இருந்தமையை டொலோரெஸ் பிப்பெர்னோவும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்டார்கள். பயிர்ச்செய்கை தொடங்குவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலம் அது. வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள், தானியத்தைச் சேகரித்து, குந்தியிருந்து அரைத்து உண்டார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. அதைவிட எனக்குச் சுவையானதாகப் பட்டது வேறொன்று. உணவுத் தானிய விதைகள் அந்தக் கல்லைச் சுற்றியே செறிந்து கிடந்தன. கற்கருவி செய்தபோது தெறித்த சில்லுகளோ வெளிச்சம் விழும் வாசற்பக்கத்தில் கிடந்தன. அப்படியென்றால், அந்தச் சிறு குடிசைக்குள்ளும் சமையலுக்கு ஒரு மூலை, கைவேலைக்கு ஒரு மூலை என்று இடம் வகுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். கல் அசையாமல் அங்கேயே கிடந்ததனாலன்றோ இவ்வளவும் தெரிந்தது! யாராவது அதைத் தூக்கி ஆற்றங்கரையில் வைத்திருந்தால், மாப்பொருள் மணிகள் எஞ்சியிருந்தாலும் குடிசையின் மூலைகள் எஞ்சியிரா.

யோர்தானில் 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுப்புகளிலிருந்து கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்ததாக 2018இல் செய்தி வந்தது. அதுவும் பயிர்ச்செய்கைக்கு ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகள் முற்பட்டதே. துருக்கியின் கோபெக்லி தெபேயில், பிரமாண்டமான கல்தூண்களைப் பற்றித்தான் உலகம் பேசுகிறது. ஆனால் அங்கே ஆராயப்பட்ட அரைகற்களும் கைக்கற்களும் மட்டும் 7,000க்கு மேற்பட்டவை. தூண் நிறுத்தக் கூடிய கூட்டத்துக்கு யாரோ அரைத்துப் போட்டிருக்கிறார்கள். அரைத்தது எல்லாம் உணவென்றும் நினைக்க வேண்டியதில்லை. தென்னாபிரிக்காவின் புளொம்போஸ் குகையில், ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு காவிக்கல்லை அரைத்து, கடற்சிப்பி ஓட்டில் குழைத்து வைத்திருந்த சாயம் கிடைத்திருக்கிறது.

அரைத்தவர் யார் என்ற கேள்விக்குக் கல்லைவிட எலும்பு தெளிவாகப் பதில் சொல்கிறது. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் அபூ ஹுரைரா என்னும் பழைய ஊரை, அணைக்கட்டின் நீர் மூடிவிடும் முன்பாக, 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் அவசரமாகத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தேயா மொலசன் என்ற அம்மையார், பெண்களின் கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்து உருக்குலைந்திருப்பதையும், முழங்காலிலும் இடுப்புக்கு மேலான முள்ளெலும்புகளிலும் அதே வகையான தேய்வு இருப்பதையும் கண்டார். விரல்களை மடக்கி ஊன்றி, முழந்தாளிட்டு, உடம்பு முழுவதையும் முன்னே தள்ளிப் பின்னே இழுத்து, நாள்தோறும் மணிக்கணக்காகக் கல்லில் தானியம் அரைத்ததன் வடு அது என்பது அவருடைய முடிவு. மத்திய ஐரோப்பாவில் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்துப் பெண்களின் மேற்கை எலும்புகளைக் கேம்பிரிட்ஜில் படகுப்போட்டிக்குப் பயிற்சி பெறும் இக்காலப் பெண்களின் எலும்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. உடம்பின் அளவுக்கேற்பப் பார்த்தால், அந்தப் பழங்காலப் பெண்களின் கை எலும்பு இவர்களுடையதைவிட 11 முதல் 16 வீதம் வரை வலுவாயிருந்தது. தண்டு வலித்ததால் வந்த வலுவன்று. உழுததும் அரைத்ததும் தந்த வலு. இதைப் படித்தபோது, எங்கள் வீட்டுப் பெண்கள் ஐம்பது வயதுக்கு மேல் "முழங்கால் கொதிக்குது" என்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தது நினைவுக்கு வந்தது. அதை வயதின் கோளாறு என்றே வீட்டில் எல்லோரும் சொன்னோம்.

எகிப்தியரின் பற்களும் இதே கதையைச் சொல்கின்றன. கல்லோடு கல் உராயும்போது உதிரும் பொடியும் பாலைவன மணலும் ரொட்டியில் கலந்து, அரசர் முதல் அடிமை வரை எல்லோருடைய பல்லையும் தேய்த்திருக்கின்றன. அங்கே கல்லறைகளில் வைக்கப்பட்ட சிறு பதுமைகளுள், கல்லின் முன் முழந்தாளிட்டு அரைக்கும் பணிப்பெண்ணின் உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. மறுமையிலும் மாவுக்கு ஒருத்தி வேண்டும் என்று பிரபுக்கள் முன்யோசனையாக இருந்திருக்கிறார்கள்.

தேய்வைப் படிக்கும் கலையைப் பற்றி ஒரு சொந்தச் செய்தி சொல்ல அனுமதிக்க வேண்டும். வலிகாமத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் கிடந்த அம்மி, நடுவில் குழிந்திருந்ததோடு, இடப்பக்கம் சற்றுக் கூடுதலாகச் சரிந்தும் இருந்தது. குழவியின் ஒரு நுனி மற்றதைவிட மெலிந்திருந்தது. சிறுவயதில் அதைக் கல்லின் குறை என்றே எண்ணினேன். அம்மம்மா இடக்கைக்காரி என்பதும், குழவியை இரண்டு கையாலும் பிடித்தாலும் அழுத்தம் இடக்கையிலேயே விழும் என்பதும், நாற்பது ஆண்டுச் சம்பலும் கறிக்கூட்டும் அந்தச் சரிவைச் செதுக்கின என்பதும், அவர் இறந்து பல காலத்தின் பின்னரே எனக்கு உறைத்தன. மருமகளாக வந்த மாமிக்கு அந்த அம்மி ஒருபோதும் வசப்படவில்லை. தேங்காய்ப்பூ இடப்பக்கமாக வழிந்து கீழே விழும். தொல்லியலாளர் கல்லின் மேற்பரப்பை உருப்பெருக்கிப் பார்த்து, கோடுகள் நெடுக ஓடினால் தள்ளி இழுத்து அரைத்தது என்றும், வட்டமாக ஓடினால் சுழற்றி அரைத்தது என்றும், குழிகள் மட்டும் இருந்தால் குத்தி உடைத்தது என்றும் சொல்வதை மாமி ஒரு வாரத்தில் விளங்கிக்கொண்டிருப்பார்.

1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். அம்மா பிற்பாடு சொன்னது இது: எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்ற அந்த இரவில், அவர் அம்மியை மெல்லச் சாய்த்து, அரைக்கும் முகம் நிலத்தைப் பார்க்கும்படி சுவரோரம் கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டாராம். மறு ஆண்டு திரும்பிப் போனபோது கதவு நிலைகள் இல்லை, ஓடு இல்லை, அம்மி கவிழ்ந்தபடியே இருந்தது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மக்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள், பாரமான அரைகல்லை அவர்கள் தூக்கிச் செல்வதில்லை என்றும், திரும்பி வரும் எண்ணத்தோடு அதைக் கவிழ்த்து வைத்துச் செல்வதுண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பழைய வாழிடத்தில் கல் கவிழ்ந்து கிடந்தால், அங்கிருந்து போனவர்கள் திரும்பி வர நினைத்தார்கள் என்று கொள்ள இடமுண்டு. அம்மா எந்த ஆய்வுக் கட்டுரையையும் படித்தவரல்லர்.

இனி, நம்முடைய நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அரைகல் ஆய்வு மேற்காசியாவில் கொழித்ததற்குக் காரணம், அங்கே உணவு ரொட்டி. ரொட்டிக்கு மா வேண்டும். மாவுக்குக் கல் வேண்டும். நாம் சோறு உண்பவர்கள். நெல்லுக்கு வேண்டியது உமி நீக்கும் உரலும் உலக்கையும். அவை பெரும்பாலும் மரம். மரம் நமது ஈர மண்ணில் நிலைப்பதில்லை. வள்ளைப்பாட்டுப் பாடி நெல்லுக் குத்திய கைகளின் உழைப்பு முழுவதும் இப்படி மண்ணோடு மண்ணாகப் போயிற்று. தொன்மையான உணவுப் பண்பாடுகளை, அரைத்துச் சுடும் மேற்கு என்றும் அவித்து வேகவைக்கும் கிழக்கு என்றும் டோரியன் ஃபுல்லர் முதலிய ஆய்வாளர்கள் பகுத்திருக்கிறார்கள். நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம் என்பது என் எண்ணம்: சோற்றுக்கு உரல், தோசைக்கு ஆட்டுக்கல், கறிக்கு அம்மி, குரக்கனுக்குத் திருகை. கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லுக் குன்றுகளில் புதிய கற்கால மக்கள் பாறையிலேயே அரைத்து ஏற்படுத்திய பள்ளங்களை இன்றும் காணலாம். அவர்கள் சிறுதானியமும் கொள்ளும் பயறும் பயிரிட்டவர்கள்.

இலங்கையில் இதைவிடப் பழைய கற்கள் உண்டு. இரத்தினபுரிப் பக்கத்துப் பட்டதொம்பலெனவிலும் கித்துல்கல பெலிலெனவிலும், பி. ஈ. பி. தெரணியகலவும் அவருக்குப் பின் சிரான் தெரணியகலவும் ஆராய்ந்த வாழிடங்களில், நடுவே சிறு குழி விழுந்த கூழாங்கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. கெக்குண என்னும் காட்டு மரத்து விதைகளின் கருகிய ஓடுகளும் அந்தப் படைகளில் கிடைத்திருக்கின்றன. கெக்குணவின் ஓடு சாமானியமாக உடையாது. அதைக் கல்லின் மீது நிறுத்தி இன்னொரு கல்லால் குத்தினால் விழும் பள்ளம்தான் இந்தக் குழி என்பது பொருத்தமான விளக்கம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மழைக்காட்டுக்குள் விதை உடைத்துப் பருப்பெடுத்துத் தின்றவர்களின் கை பட்ட கல், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே. தெருவோரத்தில் கிடந்தால் நாமெல்லாம் கடந்து போய்விடுவோம்.

கறி அரைக்கும் கல்லுக்கு வருகிறேன். மொகஞ்சதாரோவை 1927 முதல் 1931 வரை தோண்டிய எர்னஸ்ட் மெக்கே, அங்கே கண்ட கற்களை இரண்டாகப் பிரித்தார்: மேற்கல்லைத் தள்ளி இழுத்துத் தானியம் அரைத்தவை, மேற்கல்லால் குத்தியதால் ஆழமாகக் குழிந்தவை. இரண்டாம் வகையைத் தோண்டுதல் வேலை செய்த தொழிலாளர்கள் பார்த்தவுடனேயே கறிக்கல் என்று அழைத்தார்களாம். முகாமின் சமையற்காரர் ஒருபடி மேலே போய், சமையலுக்கு அவற்றில் ஒன்றை நூதனசாலையிலிருந்து இரவல் கேட்டாராம். நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பொருளின் பயன் என்ன என்று அறிஞர் யோசித்துக்கொண்டிருக்க, சமையற்காரருக்கு அது வேலைக்கு ஆகும் கல்லாகவே தெரிந்தது. இந்தத் துறையில் இதைவிட நல்ல சான்று அபூர்வம்.

வியட்நாமின் தெற்கிலுள்ள ஒக்ஈயோ என்னும் பழைய துறைமுகப்பட்டினத்தில் கிடைத்த அரைகற்களைப் பற்றிய ஆய்வு 2023 ஜூலையில் வெளியானது. பன்னிரண்டு கருவிகளின் பரப்பிலிருந்து எடுத்த மாப்பொருள் மணிகளில் மஞ்சள், இஞ்சி, கராம்பு, சாதிக்காய், கறுவா முதலான எட்டு வகைச் சரக்குகள் இனங்காணப்பட்டன. அக்கருவிகளுள் நம் வீட்டு அம்மியை ஒத்த, அடியில் கால் வைத்த கற்பலகையும் ஒன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, தென்னாசியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் தங்கள் கறிக்கூட்டையும் அதை அரைக்கும் முறையையும் கொண்டுபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே கிடைத்த சாதிக்காயில் மணம் இன்னும் எஞ்சியிருந்ததாம். கல்வெட்டோ செப்பேடோ இல்லாத ஒரு குடும்பத்தின் வரலாறு, கழுவப்படாத கல்லொன்றில் அகப்பட்டது.

அந்தக் கூட்டில் மிளகாய் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்த சரக்கு. சிங்களத்தில் அம்மியை மிரிஸ் கல, அதாவது மிளகாய்க் கல் என்கிறார்கள். ஆனால் மிளகுக்கு அவர்கள் சொல்லும் பெயர் கம்மிரிஸ், அதாவது ஊர் மிரிஸ். நாமும் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்தே மிளகாய் என்றோம். வந்தேறிய காய் மிளகின் பெயரையும் பிடித்துக்கொண்டது, மிளகு அரைத்த கல்லையும் பிடித்துக்கொண்டது. நான் தேய்த்துக் கழுவிய கல்லின் மஞ்சள் நிறம் மஞ்சள்தான் என்று ஊகிக்கலாம். கறுப்பு மிளகா, வேறெதுவுமா என்று இனிச் சொல்ல வழியில்லை.

கழுவினாலும் போகாத ஒன்று கல்லின் இனம். என் தொழில்சார்ந்த ஆர்வத்தால் அதை வெயிலில் வைத்துப் பார்த்தேன். கருஞ்சாம்பல் நிறக் கல்லுக்குள் மிளகளவு செம்மணிகள், கார்னெட் மணிகள், ஆங்காங்கே தெறித்திருந்தன. நமது நாட்டின் நடுப்பகுதிப் பாறைகளின் அடையாளம் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமோ முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதில் அம்மி செய்தால் சம்பலோடு சுண்ணாம்பும் சேரும். ஆகவே குடாநாட்டில் உள்ள ஒவ்வொரு கருங்கல் அம்மியும் ஆட்டுக்கல்லும் வன்னியிலிருந்தோ அதற்கு அப்பாலிருந்தோ கடல்வழியாகவோ வந்த பொருளே. இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒருகணம் அமைதியாகிவிடும். தம் வீட்டு அடுப்படியில் ஓர் இறக்குமதிப் பொருள் கிடப்பதை எவரும் எண்ணியதில்லை. சைப்பிரசுக் கரையில் கைரீனியாவுக்கு அருகே ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலில் 29 அரைகற்கள் இருந்தன. அவை நிசிரோஸ் தீவின் எரிமலைக் கல். ஜேர்மனியின் மாயன் பகுதி எரிமலைக் கல்லில் செய்த திருகைகளை உரோமர் காலத்தில் பிரித்தானியா வரை கொண்டுசென்றிருக்கிறார்கள். குடாநாட்டு வீடுகளின் பழைய அம்மிகளை இவ்வாறு கல்வகை கொண்டு வரிசைப்படுத்தினால், எந்தத் துறைக்கு எந்தத் தேசத்துக் கல் வந்தது என்ற வாணிப வரைபடமே கிடைக்கும். ஒரு பல்கலைக்கழக மாணவர் நான்கு ஆண்டில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

ஆனால் அதற்கு முதல் நிபந்தனை, எந்தக் கல் எங்கே கிடந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். வெளியூர் நூதனசாலை ஒன்றில் பதினைந்துக்கு மேற்பட்ட அரைகற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து மும்மொழியிலும் ஒரே பலகை: அரைக்கும் கற்கள். கிடைத்த ஊர் இல்லை, ஆண்டு இல்லை. கற்கள் மாத்திரம் மினுமினுவென்று இருந்தன; யாரோ அன்போடு கழுவியிருக்கிறார்கள். கரையோர விடுதி ஒன்றின் தோட்டத்தில் ஆட்டுக்கற்களைக் கவிழ்த்து சீமெந்தில் பதித்து நடைபாதை அமைத்திருந்தார்கள். அங்கே செருப்போடு நடக்க எனக்கு மனம் வரவில்லை. கலியாணத்தில் அம்மி மிதிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. தோண்டும்போது அகப்படும் பழம்பொருளை அறிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நிலத்தடியில் பழைய கல்லைக் காண்பவர் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லாமல் அசைக்கக் கூடாது. என் கவலை அதைவிடப் பெரும்பாலும் நேற்றைய கற்களைப் பற்றியது. அவற்றுக்குச் சட்டம் காவல் இல்லை, லொறிதான் காத்திருக்கிறது.

ஆகையால் தங்கள் வாசகர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. பழைய அம்மியோ ஆட்டுக்கல்லோ திருகையோ கையில் இருப்பவர்கள் அதைக் கழுவ வேண்டாம், எண்ணெயும் பூச வேண்டாம். தூசு தட்டி, உலர்ந்த துணியால் மூடி வைத்தால் போதும். இடம் மாற்றுவதற்கு முன், கிடந்த நிலையில் கைத்தொலைபேசியால் இரண்டு படம் எடுக்கலாம். அது எந்த ஊரில் வாங்கியது, யார் அரைத்தது, என்ன அரைத்தது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உளியால் கொத்திப் பொளிந்தது என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவரிடம் இன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அம்மி பொளிய வருபவரின் குரல் நமது ஒழுங்கைகளில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அரைத்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

என் தவறுக்கு என்னால் இயன்ற பரிகாரத்தை நானும் செய்தேன். அந்த இடிந்த வீட்டின் பழைய உரிமையாளரான அம்மையார் இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார் என்று அயலவர் மூலம் அறிந்து, தொலைபேசியில் பேசினேன். அம்மி தனது தாயாருடையது என்றும், திருமணமாகி வந்தபோது புகைவண்டியில் கூடவே வந்தது என்றும் சொன்னார். பிறகு, நான் கேளாத ஒன்றைச் சொன்னார். அந்த அம்மிக்கு இரண்டு முகம். மேல்முகத்தில் நாளாந்தக் கறிக்கு மிளகாய் அரைப்பது. வீட்டில் பிள்ளைப்பேறு வந்தால் மட்டும் ஆட்களை வைத்துக் கல்லைப் புரட்டி, மிளகாய் பட்டறியாத அடிமுகத்தில் தாய்க்குச் சரக்கு அரைப்பது. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி என்று அவர் வரிசையாகச் சொன்னார். நாற்பத்தோரு நாள் வரை அந்த முகம் மேலே இருக்குமாம், பிறகு மீண்டும் கீழே போய்விடுமாம். ஐந்து பிள்ளைகளுக்கு அப்படிப் புரட்டினார்களாம். பொலன்னறுவையில் பராக்கிரமபாகு காலத்து ஆளாகன பிரிவேன மருத்துவமனையில் கிடைத்த மருந்துக் கற்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் ஒரு மருந்துக் கல், மிளகாய்க் கல்லின் முதுகில் இருந்திருக்கிறது.

பேசி முடித்ததும் முற்றத்துக்குப் போய், பக்கத்து வீட்டுப் பையனின் உதவியோடு கல்லைச் சாய்த்து அடிமுகத்தைப் பார்த்தேன். மேல்முகத்தைப் போல் குழியவில்லை. நடுவில் உள்ளங்கையளவு இடம் மட்டும் வழுவழுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில், கொத்திய பள்ளங்களில், வெளிர்மஞ்சளாக ஏதோ இருக்கிறது. முன்பு கழுவும்போது கல்லின் பாரத்தால் என்னால் அதைப் புரட்ட முடியவில்லை. உலர்ந்த துணியைப் போர்த்தி, கட்டையின் மேல் ஏற்றி, மழை படாத இடத்தில் வைத்திருக்கிறேன். அம்மையார் சொன்னவற்றை எழுதிய தாளின் பிரதியையும், இரு முகங்களின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். மாப்பொருள் ஆய்வு செய்யும் வசதியுள்ள பல்கலைக்கழகத் துறை எதுவும் முன்வருமானால், கல்லை அப்படியே ஒப்படைக்கச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை.